வசனம் எடுத்துக் கொடுத்தவர்

செல்லக்கண்ணுவுக்கு ஒரு நாளைக்கு இரண்டு சட்டை. விடியுமுன் ரங்கூன் ரோட்டு மாடி அறையிலிருந்து இறங்கும்போது இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. சிட்டி கவுன்சில் கொட்டகைக்குப் போனதும் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் காக்கி. மத்தியானம் வேலை முடிந்ததும் சிவப்புச் சோப்பை மூன்று தரம் தேய்த்துக் குளிப்பார். நாகூர் கனி கடை அத்தரைக் காது மடலில் தொட்டு வைத்துக்கொண்டு மறுபடியும் வெள்ளைச் சட்டைக்குள் புகுந்துகொள்வார். எங்கே வேலை என்று யாராவது கேட்டால், "சிட்டி கவுன்சில் ஸ்டோர்ல" என்பார். வெள்ளைச் சட்டை, அத்தர், படிய வாரிய தலை. இதற்கு மேல் யார் கேட்கப் போகிறார்கள்?

ஸ்டோராவது ஒன்றாவது! அவர் வாளி எடுக்கிறவர். அந்தக் காலத்துச் சிங்கப்பூரில் கடைவீடுகளின் பின்சந்தில் ஒவ்வொரு கக்கூசுக்கும் கீழே ஒரு சின்னக் கதவு இருக்கும். அதைத் திறந்து நிறைந்த வாளியை இழுத்து, காலி வாளியை உள்ளே தள்ள வேண்டும். நிறைந்த வாளிகளைக் கம்பின் இரண்டு முனையிலும் தொங்கவிட்டு, சந்து முனையில் நிற்கும், வாளி வைக்க முப்பத்தாறு கதவு போட்ட லாரி வரைக்கும் சுமக்க வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் அந்த வேலையைச் செய்து ஊரைச் சுத்தமாக வைத்திருந்த மனுஷன் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் அத்தர் பூசிக்கொண்டு திரிந்தார். குற்றம் அவர் மேல் மட்டும் என்று நீங்கள் நினைத்தால் எனக்குக் கோபம் வரும்.

1912இல் முனிசிபல் கூலியாட்களின் வரிசை வீடுகளான லயனில் பிறந்தவர். தகப்பனார் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து கப்பலேறி வந்து அதே வாளியைச் சுமந்து செத்தார். தாயார் பிரசவத்திலேயே போய்விட்டாள். ஆறு வயது மூத்த அண்ணன் வைரக்கண்ணுதான் தம்பியைக் கஞ்சி ஊற்றி வளர்த்தார். பிறகு இரண்டு பேரும் ஒரே லாரியில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "ஒனக்குத்தான் ஒருத்தி வந்துட்டாள்ல, எனக்கும் சேத்து அவளே சோறு போடுவா லா" என்று சிங்கப்பூர் 'லா' ஒன்றைப் போட்டுச் சிரித்துவிட்டார்.

அந்த ஒருத்தி அன்னம்மா. அவள்தான் 1941இல் பிடிவாதமாக நின்றாள். மகள் தங்கத்துக்கு அப்போது மூன்று வயது. "இந்த லயன்ல வளர்ந்தா இவளையும் லயன்லேர்ந்துதான் கேட்டு வருவாங்க. எனக்கு அது வேணாம்" என்றாள். ரங்கூன் ரோட்டில் ஒரு மாடி அறை கிடைத்தது. லயன் ஆட்கள் யாரும் அங்கே வரக் கூடாது, இவர்களும் லயனுக்குப் போகக் கூடாது என்று ஏற்பாடு. அண்ணனுமா? அண்ணனும்தான். வைரக்கண்ணு சட்டி பானையைத் தானே சுமந்து வந்து படியடியில் இறக்கிவைத்துவிட்டு, "நான் மேல வரல்லடா. புள்ள நல்லா இருக்கட்டும்" என்று சொல்லித் திரும்பிப் போனார். தங்கத்திடம், பெரியப்பா ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்லி வளர்த்தார்கள்.

இது போதாதென்று இன்னொன்றும் உண்டு. ஜப்பான்காரன் காலத்தில், போனவர்களில் பலர் திரும்பாத சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க லயனுக்கு வந்தார்கள். பழைய பட்டியலைப் பார்த்து, "செல்லக்கண்ணு யார்?" என்று கேட்டிருக்கிறார்கள். ரங்கூன் ரோட்டு விலாசத்தைச் சொல்லியிருந்தால் முடிந்தது கதை. வைரக்கண்ணு முன்னால் வந்து, "நான்தான்" என்று சொல்லி லாரியில் ஏறிவிட்டார். 1945இல் ஒரு கால் விந்தி விந்தித் திரும்பி வந்தார். தம்பி அவரைக் கொட்டகையில் பார்த்துக் கட்டிக்கொண்டு அழுதார். வீட்டுக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போகவில்லை. மறுநாளிலிருந்து இரண்டு பேரும் பழையபடி ஒரே லாரியில் போனார்கள். லாரி ரங்கூன் ரோட்டைக் கடக்கும்போது தம்பி தலையைக் குனிந்துகொள்வார். அண்ணன் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

செல்லக்கண்ணுவுக்கு இருந்த ஒரே ஆசை நாடகம். நாகூர் கனி கடை மாடியில் செந்தாழை நாடக மன்றம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஒத்திகை நடத்தும். திரை இழுக்கப் போனவர், எந்த வசனத்தையும் ஒரு தரம் கேட்டால் மறக்காதவர் என்று தெரிந்ததும் பக்கத்திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவர் ஆனார். முகம் தெரியாத வேலை. குரலும் கிசுகிசுப்புத்தான். அவருக்கு வேண்டியதும் அதுதான்.

1958 ஆரம்பத்தில் மன்றத்தின் செயலாளர் சுப்பிரமணியம் புதிய நாடகம் ஒன்றை எழுதிக்கொண்டு வந்தார். ஹார்பர் போர்டில் கிளார்க். சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் செய்தவர். இங்கிலீஷ்காரர்களின் பழைய ராஜாக்கள் கதை என்றால் அவருக்கு உயிர். "எத்தனை நாளைக்குத்தான் அரிச்சந்திரனையே சுடுகாட்டுல நிறுத்தறது? இந்தத் தடவை லண்டன் இளவரசன்" என்று ஆரம்பித்தார். நாடகத்தின் பெயர் 'இளவரசன் எட்மண்ட்'.

கதையை அவர் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன். இங்கிலாந்து ராஜாவுக்கு இரண்டு தாரம். மூத்தவள் செத்த பிறகு அறுபது வயதில் பிரான்ஸ் ராஜா வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். அந்த இளையாள் பிள்ளைதான் எட்மண்ட். பிள்ளைக்கு ஆறு வயது நிரம்புமுன் கிழவர் கண்ணை மூடினார். மூத்தாள் மகன் எட்வர்ட் பட்டத்துக்கு வந்தான். தம்பியைவிடப் பதினேழு வயது பெரியவன். தம்பி தலையெடுத்ததும் அண்ணன் கையால்தான் கெண்ட் என்கிற சீமையும் பட்டமும் கிடைத்தன.

அண்ணனுக்கு ராஜ்யம் செய்யத் தெரியவில்லை. வேண்டியவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்து ஊரைப் பகைத்துக்கொண்டான். ராணி பிரான்சுக்குப் போய் அங்கே ஒருவனைச் சேர்த்துக்கொண்டு படையோடு திரும்பினாள். எட்மண்ட் எந்தப் பக்கம் நின்றான் தெரியுமா? அண்ணி பக்கம்! அவனுடைய பெண்சாதியும் அந்த ஆசைநாயகனுக்கு உறவு. எல்லாரும் சேர்ந்து அண்ணனைப் பிடித்துக் கோட்டையில் அடைத்தார்கள். சில மாதத்தில் அவன் செத்துவிட்டான் என்று செய்தி வந்தது. எட்மண்ட் அடக்கத்துக்குப் போய்விட்டு வந்தான்.

பிறகுதான் அவனைக் குற்ற உணர்ச்சி தின்ன ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து யாரோ வந்து, "உங்கள் அண்ணன் சாகவில்லை, கார்ஃப் கோட்டையில் உயிரோடு இருக்கிறார்" என்று காதில் போட்டார்கள். மனுஷன் நம்பிவிட்டான். அண்ணனை வெளியே கொண்டுவருகிறேன் என்று கடிதம் எழுதச் சொன்னான். எழுதியது அவன் பெண்சாதி, தன் கையாலேயே. கோட்டைக் காவல்காரர்கள் அந்தக் கடிதத்தை நேரே அண்ணியின் ஆசைநாயகனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். துரோகி என்று தீர்ப்பு. வயிற்றுப் பிள்ளைக்காரியான பெண்சாதியையும் சின்னப் பிள்ளைகளையும் காவலில் போட்டார்கள். எட்மண்டைத் தலை வெட்ட விஞ்செஸ்டர் கோட்டை வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். இருபத்தெட்டு வயது. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அங்கேயே நின்றான். ராஜா பெற்ற பிள்ளை மேல் கத்தியை வைக்க ஒரு வீரனும் முன்வரவில்லை. கடைசியில் மரண தண்டனை பெற்று உள்ளே கிடந்த ஒரு கக்கூஸ்காரனைக் கூட்டி வந்து, நீ வெட்டினால் உனக்கு உயிர்ப் பிச்சை என்றார்கள். அவன் வெட்டினான். எட்மண்டின் சின்னப் பெண் பிற்காலத்தில் பேரழகி என்று பெயரெடுத்தாள். அவள் வயிற்றில் பிறந்தவன் இங்கிலாந்துக்கே ராஜாவானான்.

எல்லாரும் கைதட்டினார்கள். செல்லக்கண்ணு மட்டும் மூலையில் உட்கார்ந்தபடி கேட்டார். "தம்பி, அந்த அண்ணன் நெசமாவே உசிரோட இருந்தானா?"

"அதுல இன்னைக்கும் சண்டைதான் மாமா. செத்துட்டான்னுதான் முக்காவாசிப் பேர் எழுதியிருக்காங்க."

"எப்படியோ, தேடிப் போனானே" என்றார் செல்லக்கண்ணு.

சுப்பிரமணியம் அவரை மாமா என்று கூப்பிட்டதைக் கவனித்தீர்களா? அதற்குக் காரணம் உண்டு. சுப்பிரமணியத்தின் தம்பி கோவிந்தசாமி நேவல் பேசில் கிளார்க். மன்றத்துப் பொங்கல் விழாவில் தங்கத்தைப் பார்த்துவிட்டு அண்ணன் காதைக் கடித்திருந்தான். தங்கம் அப்போது ஆசிரியர் பயிற்சியில் இருந்தாள். சுப்பிரமணியத்தின் தாயார் சிவகாமசுந்தரி வந்து பெண் பார்த்தாள். தாம்பூலம் மாற்றியாகிவிட்டது. ஆவணியில் கல்யாணம். தகப்பனாக மணவறையில் நின்று மகளைத் தாரை வார்த்துக் கொடுத்துவிட வேண்டும், அதுவரைக்கும் இந்த வெள்ளைச் சட்டை கிழியாமல் இருக்க வேண்டும். செல்லக்கண்ணு கோயிலில் வேண்டிக்கொண்டது அவ்வளவுதான்.

நாடகத்தில் எல்லா வேஷத்துக்கும் ஆள் கிடைத்தது, அந்தக் கக்கூஸ்காரனைத் தவிர. தமிழர்கள் நிறைந்த சிராங்கூன் ரோட்டில் ஒரு வழக்கம் இருந்தது. போட்ட வேஷம் ஆளோடு ஒட்டிக்கொள்ளும். தையல்கடை ரத்தினம் ஒரே ஒரு தரம் எமனாக வந்தார். அன்றிலிருந்து அவர் பெண்சாதியை மார்க்கெட்டில் எமன் வீட்டு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அப்படியிருக்க இந்த வேஷத்தை யார் போடுவார்கள்? ஒருவருக்குத் தொண்டை கட்டியது, ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கடைசியில் காளியம்மன் கோயிலில் திருவுளச்சீட்டுப் போட்டார்கள். சீட்டு விழுந்தது மாப்பிள்ளை கோவிந்தசாமிக்கு. நல்ல பையன். "அம்மா குடுத்தது, நானே போடுறேன் லா" என்று சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டான். செல்லக்கண்ணு மட்டும் அம்மன் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஒத்திகையில் கோவிந்தசாமி இரண்டு மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் ஊற்றிக் கம்பில் மாட்டிக்கொண்டு வந்தான். அதுவா நடை? டின் இரண்டும் ஊஞ்சலாடின. தரையெல்லாம் தண்ணீர். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் வேண்டுமென்றே இன்னும் கோணலாக ஆடி மூக்கைப் பிடித்துக்கொண்டான். மறுபடியும் சிரிப்பு. செல்லக்கண்ணு பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு தரம் பார்த்தார். மூன்றாம் தரம் முடியவில்லை. ஒரு வேலையை இருபது வருடம் ஒழுங்காகச் செய்தவனுக்கு அதைக் கோணலாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. அவர் மாட்டிக்கொண்டது அதனால்தான்.

"அப்படித் தூக்கினா தளும்பும் தம்பி. இங்கே குடுங்க."

துண்டை நாலாக மடித்துத் தோளில் போட்டார். கம்பைத் தோளின் குழியில் பொருத்தி, முழங்காலை மடக்கி எழுந்தார். குதிகால் தரையில் படாமல், இடுப்பு மட்டும் அசைய, சின்னச் சின்ன அடியாக நடந்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. மூலை வந்ததும் சந்தில் திரும்புகிற மாதிரி தோளை மாற்றினார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சுமை தோளில் ஏறியதும் வாய் தன்னால் திறந்துகொண்டது.

"ஓரம்! ஓரம்! ஓரம்!"

மன்றத்தில் அதுவரை யாரும் அவருடைய முழுக் குரலைக் கேட்டதில்லை. ஆனால் அந்தக் குரலை எல்லாரும் கேட்டிருந்தார்கள். தினமும் விடியற்காலையில், அவரவர் வீட்டுப் பின்சந்தில்.

சிரிப்பு நின்றது. கோவிந்தசாமி தரையைப் பார்த்தான். நாகூர் கனிதான் முதலில் வாயைத் திறந்து, "தேத்தண்ணி ஆறுது, குடிங்க எல்லாரும்" என்றார். செல்லக்கண்ணு கம்பை இறக்கி வைத்தார். டின்னில் தண்ணீர் அசையாமல் இருந்தது.

பத்து நாள் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை! செல்லக்கண்ணு வேலைக்குப் போனார், வந்தார், குளித்தார். இரண்டு தரம் குளித்தார். அன்னம்மாவிடம் நடந்ததைச் சொன்னபோது அவள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இத்தனை வருசம் கட்டிக் காத்தேனே. ஒரு நிமிசம் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியலையா ஒங்களுக்கு?" என்று அழுதாள்.

பதினோராம் நாள் சுப்பிரமணியம் வந்தார். அன்னம்மா கோப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை. வாய் நிறைய மாமா என்று கூப்பிட்டவர் இப்போது மொட்டையாகப் பேசினார்.

"எனக்கு இதுல ஒரு வித்தியாசமும் கிடையாது. உழைப்புல உசத்தி தாழ்த்தி இல்லைன்னு மேடையில பேசறவன் நான். ஆனா அம்மா பழைய காலத்து மனுஷி. பத்திரிகை வேற அடிச்சாச்சு. கல்யாணம் நடக்கட்டும். நீங்க மணவறையில நிக்க வேணாம். கோயிலுக்கு எல்லா வீதியிலேருந்தும் ஆளு வருவாங்க. எவனாவது ஒங்களை அடையாளம் கண்டுட்டா அம்மா உசிரை விட்டுடுவாங்க."

"பொண்ணுக்கு அப்பன் உசிரோட இருக்கும்போது நிக்கலைன்னா கேக்க மாட்டாங்களா தம்பி?"

சுப்பிரமணியம் அதையும் யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தார். "ஊர்ல ஒங்களுக்கு அண்ணன் ஒருத்தர் இருக்காருன்னு தங்கம் சொல்லுது. வைகாசியிலயே அவர் தவறிட்டதாவும், பிள்ளையில்லாதவருன்னு நீங்க இங்கேயே கருமாதி செஞ்சதாவும் சொல்லிடுவோம். கருமாதி செஞ்சவர் ஒரு வருசத்துக்குக் கோயில் வாசல் மிதிக்கக் கூடாது, நல்ல காரியத்துல நிக்கக் கூடாது. யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. தாய்மாமன் மருதப்பன் தாரை வார்க்கட்டும்."

"அவரு ஊர்ல இல்ல" என்றார் செல்லக்கண்ணு. "இங்கதான் லயன்ல இருக்காரு. என்கூடத்தான் வேலை செய்யிறாரு."

சுப்பிரமணியம் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "அப்ப ரொம்பச் சௌகரியம். வெளியில தெரியாத ஆளுதானே" என்றார்.

ராஜா பெற்ற பிள்ளை செத்த அண்ணனை உயிரோடு இருப்பதாக நம்பித் தலையைக் கொடுத்தான் என்று அழகழகாக வசனம் எழுதியவர் பேசுகிற பேச்சைப் பாருங்கள்! செல்லக்கண்ணு கதவருகில் நின்ற மகளின் புடவை நுனியைப் பார்த்தார். எவ்வளவு கேட்டாளோ, தெரியாது. மாட்டேன் என்றால் கல்யாணம் நின்றுவிடும். ஏன் நின்றது என்று ஊர் கேட்கும். அதற்குப் பிறகு எவன் வருவான்? சரி என்றால், கஞ்சி ஊற்றி வளர்த்தவரை, தன் பெயரைச் சொல்லிக்கொண்டு சயாமுக்குப் போனவரைத் தன் வாயாலேயே சாகடிக்க வேண்டும்.

"சரி" என்றார்.

மறுநாள் காலை தங்கத்திடம், பெரியப்பா ஊரில் வைகாசியிலேயே தவறிவிட்டார், கல்யாண வேலை நடக்கும்போது சொல்ல வேண்டாமென்று இருந்தோம் என்று சொன்னார்கள். முகம் தெரியாத பெரியப்பாவுக்காக அவள் கொஞ்சம் அழுதாள். நாடகம் திட்டமிட்டபடி மேடையேறியது. கக்கூஸ்காரன் வரவில்லை. சுப்பிரமணியம் அந்தக் காட்சியையே அடித்துவிட்டு, சீருடை போட்ட சிப்பாய் ஒருவன் கையில் கத்தியைக் கொடுத்திருந்தார். வசனம் எடுத்துக் கொடுக்க வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள்.

ஆவணி முகூர்த்தத்தன்று செல்லக்கண்ணு பெருமாள் கோயிலுக்கு எதிர்ச்சாரியில், கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட ஐந்தடிப் பாதையில் ஒரு தூண் ஓரமாக நின்றார். உள்ளே நாயனம் கேட்டது. அப்போதுதான் சாலையின் அந்தக் கோடியிலிருந்து ஒருவர் விந்தி விந்தி வந்தார். வெளுத்த வேட்டி, புதுச் சட்டை, கையில் பழுப்புத்தாள் சுற்றிய பொட்டலம். செல்லக்கண்ணு தூணுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தார்.

"ஏன்டா வெளியில நிக்கிறே? முகூர்த்த நேரம் ஆகலையா?" என்றார் வைரக்கண்ணு. "உள்ள வரமாட்டேன் லா, பயப்படாதே. இந்தப் பொடவையைக் குடுத்துட்டு, அவ கழுத்துல தாலி ஏறுறதை வாசல்லேர்ந்து பார்த்துட்டுப் போயிடுறேன்."

"வாசலுக்கும் வேணாம்ணே."

"ஏன்?"

மறைக்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் சொன்னார். ஒரு பஸ் போயிற்று. ஒரு ரிக்‌ஷா போயிற்று. வைரக்கண்ணு பொட்டலத்தைக் கை மாற்றிக்கொண்டார்.

"என்னைக்குச் செத்தேன்?"

"வைகாசியில."

"அது சொன்ன தேதி. நான் ஒன் வீட்டுப் படியில சட்டி பானையை எறக்கி வச்சேனே, அன்னைக்குத்தான்டா செத்தேன். பதினேழு வருசமாச்சு. இப்பத்தான் ஊருக்குச் சொல்லியிருக்கே." குரலில் கோபமே இல்லை. அதுதான் செல்லக்கண்ணுவைக் கொன்றது. உள்ளே கெட்டிமேளம் கொட்டியது. அண்ணன் கண்ணை மூடிக் கோயில் பக்கம் கையைத் தூக்கினார். பிறகு பொட்டலத்தைத் தம்பி கையில் வைத்துவிட்டு வந்த வழியே போனார். மறுநாள் அவர் மண்டோர் என்கிற மேஸ்திரியிடம் சொல்லி வேறு லாரிக்கு மாறிக்கொண்டார்.

அதன்பிறகு ஒன்பது வருடம். தங்கத்துக்கு ஆண் பிள்ளை பிறந்தது. மொட்டையடித்துக் காது குத்தினார்கள். தாத்தாவுக்கு அழைப்பு இல்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தங்கம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரங்கூன் ரோட்டுக்கு வந்துவிட்டுப் போவாள். புருஷன் அவளிடம் என்ன சொல்லியிருந்தான் என்று யாருக்கும் தெரியாது. அவள் அப்பாவிடம் எதையும் கேட்டதில்லை. வந்த ஒவ்வொரு தரமும் அவர் தோளை ஒரு தடவை தடவிவிட்டுத்தான் போவாள்.

செல்லக்கண்ணு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் லயனுக்குப் போக ஆரம்பித்தார். இப்போது யாருக்குப் பயப்பட வேண்டும்? முதல் மூன்று மாதம் அண்ணன் முகம் கொடுக்கவில்லை. நாலாம் மாதம் ஒரு கோப்பையைத் தள்ளி வைத்து, "குடி" என்றார். பிறகு இரண்டு பேரும் மத்தியானம் முழுக்க வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். தங்கம் என்ன செய்கிறாள், பிள்ளை நடக்கிறானா என்று வைரக்கண்ணு ஒன்றுவிடாமல் கேட்பார். செத்த பெரியப்பாவுக்குப் பேரனின் பல் முளைத்த தேதிகூடத் தெரியும்.

1965இல் சிவகாமசுந்தரி காலமானாள். 1967இல் செல்லக்கண்ணு வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவரை என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை. அந்த வருடம் தங்கத்தின் பெண் குழந்தைக்குக் காது குத்து. தோ பாயோவில் வாங்கிய புது அடுக்குமாடி வீட்டில் விழா. சுப்பிரமணியமே நேரில் வந்து அழைத்தார். தங்கத்துக்குக் கூடப்பிறந்தவன் இல்லை, அதனால் குழந்தையைத் தாத்தாதான் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். அன்று அன்னம்மா கொடுத்த கோப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். செல்லக்கண்ணு புதிய வேட்டி வாங்கினார். அண்ணனிடம் ஓடிப் போய்ச் சொன்னார். "போய்ட்டு வந்து புள்ள அழுதிச்சான்னு சொல்லு" என்றார் வைரக்கண்ணு.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை காலையில், வைரக்கண்ணு குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

சனிக்கிழமை பிடாடாரி இடுகாட்டில் அடக்கம். காரியம் செய்ய உரியவர் தம்பி ஒருவர்தான். நாவிதர் கத்தியோடு வந்து தலையையும் மீசையையும் மழிக்க உட்காரச் சொன்னார். செல்லக்கண்ணு உட்காரவில்லை. மழித்த தலையோடு நாளைக்கு எப்படிப் போவது? யார் செத்தது என்று கேட்டால் என்ன சொல்வது? ஒன்பது வருடத்துக்கு முன்பே கருமாதி செய்துவிட்ட அண்ணன் நேற்றுத்தான் செத்தார் என்றா? தீட்டு, வர முடியாது என்று சொல்லி அனுப்பலாம். யாருடைய தீட்டு? அவருக்குத்தான் வேறு பங்காளியே இல்லையே. லயன் ஆட்கள் அவர் மீசையைப் பார்த்தார்கள். ஒரு கிழவர் காறித் துப்பினார். செல்லக்கண்ணு மீசையோடு மூன்று பிடி மண் போட்டுவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை புது வேட்டி கட்டி, வெள்ளைச் சட்டை போட்டுத் தோ பாயோவுக்குப் போனார். சந்தனம் பூசினார்கள். மாலை போட்டார்கள். ஒன்பது வருடம் வாசற்படி காட்டாதவர்களின் புது வீட்டில் நடுக்கூடத்து நாற்காலி அவருக்கு. குழந்தையை மடியில் வைத்தார்கள். பொற்கொல்லர் கம்பியை எடுத்தார். குழந்தை வீறிட்டது. அதைவிடப் பெரிதாக ஒரு சத்தம் செல்லக்கண்ணுவின் தொண்டையிலிருந்து வந்தது. குழந்தையை இறுக்கிக்கொண்டு உடம்பு குலுங்க அழுதார்.

கூடம் சிரித்தது. "தாத்தாவைப் பாரு, காது யாருக்குக் குத்துறாங்கன்னே தெரியல!" என்றாள் ஒருத்தி.

தங்கம் குனிந்து அவர் கண்ணைத் துடைத்தாள். "என்னப்பா? என்ன ஆச்சு?"

"எங்கண்ணன் செத்துட்டாரும்மா."

அவர் முழுக் குரலில்தான் சொன்னார். எல்லாருக்கும் கேட்டது. தங்கம் அவர் தலையைத் தடவிக் கொடுத்தாள். "அது ஆகி ஒம்போது வருசமாச்சேப்பா. நல்ல நாளும் அதுவுமா இன்னைக்கா அதை நெனைக்கிறது?"

வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த சுப்பிரமணியத்தின் கை நின்றது. அவருக்கு விளங்கிவிட்டது. செல்லக்கண்ணு அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவர் சொன்னால் போதும். சுப்பிரமணியம் பார்வையை வெற்றிலைத் தட்டுக்கு மாற்றிக்கொண்டார்.

"பெரியவருக்குப் பழைய ஞாபகம் வந்துடுச்சு. பாயசம் கொண்டாந்து குடுங்க" என்றார்.

தங்கம் டம்ளரை அவர் உதட்டில் வைத்தாள். செல்லக்கண்ணு குடித்தார்.